சுகாதார நிலையத்தில் மருந்து ஏன் தீர்ந்துபோகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் பார்த்துவிட்டார், சீட்டும் எழுதிவிட்டார். மருந்து கொடுக்கும் ஜன்னலில் ‘இது ஸ்டாக் இல்லை’ என்கிறார்கள். அதற்குப் பிறகு நோயாளிகளும் அவர்களுடைய வீட்டாரும், சில சமயம் புதிதாகப் பணிக்கு வந்த ஊழியர்களும் கேட்கும் கேள்விகள் இவை.

‘இல்லை’ என்றால் மருந்து எங்குமே இல்லையா?

பெரும்பாலும் அப்படி இல்லை. அந்த ஒரு சொல்லுக்குப் பின்னால் மூன்று நிலைமைகள் இருக்கலாம். முதலாவது, தயாரிப்பவர்களிடமே சரக்கு இல்லை. இரண்டாவது, தயாரிப்பவரிடம் இருக்கிறது, அரசு இன்னும் வாங்கவில்லை: டெண்டர் முடியவில்லை, பணம் ஒதுக்கவில்லை, அல்லது வந்த சரக்கின் தரச் சோதனை முடியவில்லை. மூன்றாவது, அரசு வாங்கியாயிற்று, கிடங்கிலும் இருக்கிறது, உங்கள் நிலையத்துக்கு மட்டும் வந்து சேரவில்லை.

பத்திரிகைகளில் பெரிதாக வருவது முதல் வகை. நோயாளியை அன்றாடம் அலைக்கழிப்பது மூன்றாவது. பாராசிட்டமால், இரும்புச்சத்து மாத்திரை, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் போன்றவை உலகில் எளிதில் தீர்ந்துபோகும் சரக்கு அல்ல. அவை ஒரு நிலையத்தில் இல்லையென்றால் காரணத்தைத் தொழிற்சாலையில் தேடுவதற்கு முன்னால் அந்த நிலையத்துக்கும் கிடங்குக்கும் நடுவே தேடுவது நல்லது.

எந்தெந்த மருந்து இருக்க வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

உலக சுகாதார நிறுவனம் 1977இல் முதல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலை வெளியிட்டது. அதில் ஏறக்குறைய 200 மருந்துகள் இருந்தன. இன்று 500ஐத் தாண்டிவிட்டது. இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை திருத்துகிறார்கள். ஒவ்வொரு நாடும் இதைப் பார்த்துத் தன் பட்டியலைத் தயாரித்து, அதிலிருந்து ஆரம்ப நிலையத்துக்கு எது, பெரிய மருத்துவமனைக்கு எது என்று பிரித்துக்கொள்கிறது. ஆகவே புற்றுநோய் மருந்து ஆரம்ப நிலையத்தில் இல்லையென்றால் அது தட்டுப்பாடு இல்லை, அது அங்கே வர வேண்டியதே இல்லை. இரத்த அழுத்த மாத்திரை இல்லையென்றால் அது தட்டுப்பாடு.

ஒரு மாத்திரை ஜன்னலுக்கு வந்து சேரும் வழி என்ன?

தேவையைக் கணக்கிட்டு, டெண்டர் விட்டு, ஆர்டர் கொடுத்து, சரக்கு வந்ததும் மாதிரி எடுத்துச் சோதித்து, மத்தியக் கிடங்கு, மாவட்டக் கிடங்கு, அங்கிருந்து வண்டி. கடைசியில் நிலையத்தின் அலமாரி. சொல்வதற்கு ஒரு வரிதான். நடப்பதற்குப் பல மாதங்கள் ஆகும், சில சமயம் ஒரு வருடத்துக்கும் மேல். இன்று உங்களுக்குக் கொடுக்கும் மாத்திரைக்கான கணக்கைப் போன வருடமே யாரோ போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்கு எதை வைத்துப் போடப்பட்டது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

சரி, அந்தக் கணக்கை எப்படிப் போடுகிறார்கள்?

சராசரி மாதச் செலவு என்று ஒன்றை எடுக்கிறார்கள். கடந்த சில மாதங்களில் எத்தனை மாத்திரை கொடுத்தோம் என்று இருப்புப் பதிவேட்டில் பார்த்து, மாதங்களால் வகுப்பது. பார்வைக்கு இதில் தவறே தெரியாது. ஒரு உதாரணம் போட்டுப் பார்த்தால்தான் ஓட்டை தெரியும்.

ஒரு நிலையம் ஆறு மாதத்தில், அதாவது 180 நாளில், ஒரு இரத்த அழுத்த மாத்திரையை 5,400 எண்ணிக்கை கொடுத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆறால் வகுத்தால் மாதம் 900. அடுத்த மூன்று மாதத்துக்கு 2,700 என்று இண்டென்ட் (கிடங்குக்கு அனுப்பும் தேவைச் சீட்டு) எழுதி அனுப்புகிறார்கள். ஆனால் அந்த 180 நாளில் 60 நாள் அந்த மாத்திரை அலமாரியில் இல்லவே இல்லை. 5,400 மாத்திரையும் மீதி 120 நாளில் கொடுக்கப்பட்டவை. நாளுக்கு 45, மாதத்துக்கு 1,350. மூன்று மாதத்துக்குக் கேட்டிருக்க வேண்டியது 4,050.

கேட்ட 2,700 முழுதாக வந்தாலும் அறுபதே நாளில் தீர்ந்துவிடும். மறுபடி முப்பது நாள் வெறும் அலமாரி. அந்த முப்பது நாளும் பதிவேட்டில் ‘செலவு: பூஜ்யம்’ என்று ஏறும். அடுத்த சராசரி மறுபடி 900. யாரும் திருடவில்லை, யாரும் சோம்பேறியாக இல்லை, எல்லாத் தாளிலும் கையெழுத்து சரியாக இருக்கிறது. தட்டுப்பாடு மட்டும் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தவறாமல் வருகிறது.

பதிவேட்டில் ஏறுவது கொடுத்த மாத்திரை. ‘இல்லை’ என்று திருப்பி அனுப்பிய ஆட்கள் எந்தப் பக்கத்திலும் ஏறுவதில்லை. என்னைக் கேட்டால், பணம், லாரி, கணினி எல்லாவற்றையும்விட முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். திருத்தமும் எளிது: மருந்து இல்லாத நாட்களைக் கழித்துவிட்டு மீதி நாட்களால் வகுக்க வேண்டும். மருந்து வழங்கல் பயிற்சிக் கையேடுகளில் இந்த விதி பல வருடமாக இருக்கிறது. இதைச் செய்ய, எந்தத் தேதியில் தீர்ந்தது, எந்தத் தேதியில் மறுபடி வந்தது என்ற இரண்டு தேதிகள் போதும். பல பதிவேடுகளில் அதற்கென்று ஒரு கட்டம் கூடக் கிடையாது.

எப்படியும் குறைத்துத்தான் தருவார்கள். இரண்டு மடங்காகக் கேட்டால் என்ன?

நிறைய பேர் அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு நிலையம் செய்தால் அது பிழைத்துக்கொள்ளும். எல்லா நிலையமும் செய்தால் கிடங்கில் இருப்பவருக்கு எந்த இண்டென்ட்டையும் நம்ப முடியாது. எல்லோருக்கும் பாதி என்று வெட்டுவார். நேர்மையாகக் கேட்ட நிலையத்துக்குத் தேவையில் பாதி கிடைக்கும், அடுத்த முறை அதுவும் கூட்டிக் கேட்கக் கற்றுக்கொள்ளும். மேலே போகப் போக இந்த மிகைக் கணக்கு பெருகிக்கொண்டே போகும்.

கூட்டிக் கேட்பதற்குப் பதில், கைக்காவல் இருப்பு, அதாவது தாமதம் வந்தால் சமாளிக்கக் கூடுதலாக வைக்கும் சரக்கு, என்று ஒன்றைக் கேட்டு வாங்க வேண்டும். இண்டென்ட் போட்டு மருந்து வர ஒரு மாதம் ஆகுமென்றால், ஒரு மாத இருப்பு மிச்சம் இருக்கும்போது எழுதுவது தாமதம்தான். வண்டி ஒரு வாரம் பிந்தினாலே அலமாரி காலி. ஒன்றரை, இரண்டு மாத இருப்பு மிச்சம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும். மழைக்காலத்தில் பாதை அடைபடும் இடங்களில் இன்னும் முன்பாக.

ஒரு பக்கம் மருந்து இல்லை என்கிறார்கள், இன்னொரு பக்கம் காலாவதியாகிக் கொட்டுகிறார்களே?

இரண்டும் ஒரே கட்டடத்தில், ஒரே நாளில் நடக்கலாம். ஒரு மருந்து குறைவாகவும் இன்னொன்று அளவுக்கு மீறியும் வருவதற்குக் காரணம் ஒன்றே: கேட்டதற்கும் வந்ததற்கும் தொடர்பில்லை. மேலிருந்து தாங்களாகவே தள்ளிவிடும் முறையில் இது சகஜம். கிடங்கில் காலாவதி நெருங்குகிறது என்றதும் நான்கு மாத ஆயுளே மிச்சமிருக்கும் பெட்டிகளை நிலையங்களுக்குத் தள்ளிவிடுவது உண்டு. காகிதத்தில் அது ‘விநியோகம்’, நிலையத்தில் அது வருங்காலக் குப்பை. நன்கொடையாக வரும் மருந்துகளிலும் இதே கதை நடந்ததால்தான் உலக சுகாதார நிறுவனம் 1996இல் வழிகாட்டு விதிகள் வெளியிட்டது. நன்கொடை மருந்துக்கு நாட்டுக்குள் வரும்போது குறைந்தது ஒரு வருட ஆயுளாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று.

நிலையத்துக்குள் செய்யக்கூடியது, எது முதலில் காலாவதியாகுமோ அதை முன்வரிசையில் வைத்து முதலில் கொடுப்பது. முதலில் வந்ததை முதலில் கொடுப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். நேற்று வந்த பெட்டியின் தேதி போன மாதம் வந்ததைவிட முன்னதாக இருக்கலாம், தேதியைப் பார்க்க வேண்டும்.

பக்கத்து நிலையத்துக்கு மாற்றிக் கொடுப்பது இன்னும் நல்ல வழி. ஆனால் தணிக்கையில் கேள்வி வருமே என்ற பயத்தில் பலர் தொடமாட்டார்கள். காலாவதியானால் ஒரு படிவத்தில் முடிந்துவிடும். மாற்றிக் கொடுத்தால் மூன்று பேரிடம் அனுமதி வாங்க வேண்டும். அனுமதி முறையை இப்படி வைத்துவிட்டு ஊழியரைக் குறை சொல்வதில் நியாயமில்லை.

பணம் இல்லாததுதான் காரணம் என்கிறார்களே?

பல இடங்களில் உண்மைதான். ஆனால் பணத்தின் அளவோடு அது வரும் நேரத்தையும் பார்க்க வேண்டும். நிதியாண்டின் கடைசி மாதங்களில் மொத்தமாக விடுவித்தால் அந்த வருடம் முழுதும் தட்டுப்பாடு, அடுத்த வருடத் தொடக்கத்தில் கிடங்கு நிரம்பி வழியும். விற்பவர்களுக்குப் பாக்கி வைப்பது அடுத்த கோளாறு. பில் தொகை பல மாதம் நிலுவையில் கிடந்தால் சிறிய தயாரிப்பாளர்கள் அடுத்த டெண்டருக்கு வரமாட்டார்கள். வருகிறவர்கள் அந்தத் தாமதத்தையும் விலையில் சேர்த்துத்தான் கேட்பார்கள். குறைந்த விலை கேட்ட ஒரே நிறுவனத்துக்கு முழு ஆர்டரையும் கொடுத்துவிடுவதும் ஆபத்து. அது தடுமாறினால் மாற்று ஆள் இருக்காது.

உலக அளவில் உண்மையான தட்டுப்பாடு வந்ததே இல்லையா?

வந்திருக்கிறது. பென்சதின் பென்சிலின் ஊசி நல்ல உதாரணம். கர்ப்பிணிக்கு மேகநோய் (சிபிலிஸ்) இருந்தால் குழந்தைக்குத் தொற்றாமல் காப்பது இதுதான். வாதக் காய்ச்சலால் இதய வால்வு பாதிக்கப்பட்டவர்களுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை போடுவதும் இதுதான். பழைய மருந்து, விலை மலிவு, லாபம் சொற்பம். அதனால் மூலப்பொருள் தயாரிப்பவர்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுக்குச் சுருங்கிவிட்டார்கள். அவர்களில் ஒருவர் நிறுத்தினால் பல நாடுகளில் ஊசி கிடைக்காது. 2010களில் அப்படியே நடந்தது. 2016இல் உலக சுகாதாரப் பேரவை மருந்துத் தட்டுப்பாடு பற்றித் தனியாகத் தீர்மானமே போட்டது. விலை மலிவாக இருப்பது நல்லது என்றுதான் நினைக்கிறோம், ஆனால் தயாரிக்க ஆளே இல்லாத அளவுக்கு மலிவானால் அந்த மருந்து காணாமல் போகும்.

மற்றக் காரணங்களும் உண்டு. 2020 மார்ச்சில் கொரோனா தொடங்கியபோது இந்தியா பாராசிட்டமால் உட்பட 26 மூலப்பொருட்கள், மருந்துகளின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது, வாங்கும் நாடுகள் திணறின. 2022இல் இலங்கையில் அந்நியச் செலாவணி வற்றியதும் மருத்துவமனைகளில் மருந்து வற்றியது. இந்த வகைத் தட்டுப்பாட்டுக்கு நிலையத்தின் ஊழியர் என்ன கணக்குப் போட்டும் பயனில்லை. அதனால்தான் எந்த வகை என்று முதலில் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன்.

எல்லா மருந்துக்கும் ஒரே முக்கியத்துவமா?

இருக்கக் கூடாது. உயிர் காப்பவை, அவசியமானவை, இல்லாவிட்டாலும் சமாளிக்கக்கூடியவை என்று மூன்றாகப் பிரித்து, முதல் வகையில் ஒரு நாள் கூட இடைவெளி வராமல் பார்க்க வேண்டும். ‘நூற்றுக்குத் தொண்ணூறு மருந்து கையிருப்பில் உள்ளது’ என்ற அறிக்கை அழகாக இருக்கும். இல்லாத பத்தில் பிரசவ இரத்தப்போக்கை நிறுத்தும் ஆக்சிடோசினும் வலிப்பு மருந்தும் இருந்தால் அந்தத் தொண்ணூறால் என்ன லாபம்?

ஆக்சிடோசினில் இன்னொரு சிக்கல், அதை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். குளிர்பெட்டி பழுதானால் குப்பி அலமாரியில் இருக்கும், வீரியம் இருக்காது. பதிவேட்டுக்கு அது ‘கையிருப்பு’. தடுப்பூசிக் குப்பிகளில் வெப்பம் பட்டால் நிறம் மாறும் ஒரு சிறு முத்திரை உண்டு: நடுவிலிருக்கும் சதுரம் சுற்றியுள்ள வட்டத்தின் நிறத்துக்குக் கருத்துவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. மற்ற மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வசதி இல்லை.

திருட்டு நடப்பதில்லையா?

நடக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் முதல் சந்தேகமே திருட்டாக இருந்தால் விளைவு என்ன தெரியுமா? கூடுதல் பூட்டு, கூடுதல் கையெழுத்து, கூடுதல் தாமதம். மாதாமாதம் பதிவேட்டையும் அலமாரியையும் ஒப்பிட்டு எண்ணிப் பார்த்தால் திருட்டும் தெரியும், எழுத்துப் பிழையும் தெரியும்.

கணினி வைத்தால் சரியாகிவிடுமா?

கொஞ்சம். 2009–10இல் தான்சானியாவில் ஒரு சோதனை செய்தார்கள். வாரம் ஒரு முறை ஒவ்வொரு நிலையத்திலிருந்தும் மலேரியா மருந்து எவ்வளவு இருக்கிறது என்று சாதாரண எஸ்.எம்.எஸ்.ஸில் வாங்கினார்கள். தொடக்கத்தில் 78 சதவீத நிலையங்களில் ஏதாவது ஒரு மலேரியா மருந்தாவது இல்லை. 21 வாரத்தில் அது 26 சதவீதமாக இறங்கியது. பெரிய மென்பொருள் எதுவும் இல்லை. தகவல் வந்தது, வந்த தகவலைப் பார்த்து ஒருவர் மருந்தை நகர்த்தினார்.

அந்த இரண்டாவது பாதிதான் பல கணினித் திட்டங்களில் விடுபட்டுப்போகிறது. திரையில் சிவப்பு விளக்கு எரியும். அதைப் பார்த்து வண்டி அனுப்பும் அதிகாரம் யாருக்கும் இருக்காது. அப்புறம், ஏற்கெனவே ஆள் பற்றாத நிலையத்தில் செவிலியர் தாளிலும் எழுதி, கணினியிலும் ஏற்ற வேண்டியிருந்தால் ஏதாவது ஒன்று பொய்யாகத்தான் இருக்கும்.

நன்றாக நடந்த உதாரணம் ஏதாவது உண்டா?

1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பல மாநிலங்களும் நாடுகளும் வந்து பார்த்துப் போயின. மருந்துகளை நிறுவனம் வைத்த பெயரில் இல்லாமல் வேதிப்பெயரில் மொத்தமாக வாங்கி, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு மருத்துவ நிலையத்துக்கும் வங்கிப் புத்தகம் போல ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். அதில் அந்த நிலையத்துக்கான தொகை இருக்கும். தேவைக்கேற்ப எடுத்துக்கொண்டு கழிப்பார்கள். எது வேண்டும் என்பதை நிலையமே தீர்மானிக்கிறது, வரம்பும் கண்ணுக்குத் தெரிகிறது. தரச் சோதனைக்கு அனுப்பும் மாதிரியில் தயாரிப்பாளர் பெயரை மறைத்துவிட்டு அனுப்புவார்கள் என்பதும் நல்ல ஏற்பாடு.

ஜாம்பியாவில் வேறொரு வழியைச் சோதித்தார்கள். மத்தியக் கிடங்கிலேயே ஒவ்வொரு நிலையத்துக்கும் தனிப்பெட்டி கட்டி, மாவட்டக் கிடங்கில் பிரிக்காமல் அப்படியே கடந்துபோகச் செய்தார்கள். மாவட்டத்தில் இருப்பு வைத்த முறையைவிட இது நன்றாக வேலை செய்தது. நடுவில் ஒரு கிடங்கு குறைந்தால், தேங்கும் இடமும் ஒன்று குறைகிறது. இரண்டில் எது சிறந்தது என்று கேட்டால், தூரத்தையும் சாலையையும் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

முப்பது நாளுக்கு எழுதியதைப் பத்து நாளுக்குத்தான் தருகிறார்கள். இது சரியா?

இருப்பதைப் பலருக்குப் பங்கிடுகிறார்கள். ஓரிரு வாரச் சிக்கலுக்கு ஏற்கத்தக்கது. வழக்கமாகிவிட்டால் மூன்று மடங்கு நடை, மூன்று நாள் கூலி இழப்பு, கூட்டமும் மூன்று மடங்கு. நுண்ணுயிர்க்கொல்லி (ஆன்டிபயாடிக்) மருந்தை மட்டும் இப்படிப் பங்கிடவே கூடாது. பாதிப் பேருக்கு முழு அளவு கொடுத்து, மற்றவர்களை வேறு நிலையத்துக்கு அனுப்புவது எல்லோருக்கும் பாதி கொடுப்பதைவிட மேல். காசநோய் சிகிச்சையில் இடைவெளி விழுந்தால் மருந்துக்கு அடங்காத கிருமி உருவாகும் அபாயம் இருக்கிறது.

எழுதிய மருந்துக்குப் பதில் வேறு கொடுத்தால் வாங்கலாமா?

வேதிப்பெயரும் அளவும் ஒன்றாக இருந்து நிறுவனம் மட்டும் வேறென்றால் வாங்கலாம். 10 மில்லிகிராம் இல்லாமல் 5 மில்லிகிராம் இரண்டு கொடுத்தாலும் பெரும்பாலும் சரி. எத்தனை போட வேண்டும் என்று அட்டையின் மேலேயே எழுதித்தரச் சொல்லுங்கள். வேதிப்பெயரே வேறென்றால் மருத்துவர் சீட்டைத் திருத்தித்தர வேண்டும், ஜன்னலில் முடிவு செய்யும் விஷயமில்லை. பெரிய அளவு மாத்திரையை உடைத்துப் போடச் சொன்னால் அது உடைக்கக்கூடிய வகையா என்று கேளுங்கள். மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளை உடைத்தால் ஒரு நாளின் மருந்து மொத்தமும் ஒரேயடியாக உடம்பில் இறங்கும்.

நோயாளியாக நான் என்ன செய்யலாம்?

கடைசி மாத்திரையைப் போட்டுவிட்டு வராதீர்கள், ஒரு வாரத்துக்கு மிச்சமிருக்கும்போதே வாருங்கள். இல்லையென்று சொன்னால் எப்போது வரும், பக்கத்தில் எந்த நிலையத்தில் இருக்கிறது, அதுவரை மாற்று என்ன என்று மூன்றையும் கேளுங்கள். வலிப்பு மருந்து, இன்சுலின், நீண்டநாள் எடுக்கும் ஸ்டீராய்டு, அட்டெனோலால், மெட்டோபிரோலால் போன்ற இதய மாத்திரைகள் ஆகியவற்றைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. இவற்றில் ஒன்று இல்லையென்றால் ஜன்னலிலிருந்து நேரே மருத்துவரிடமே திரும்பிப் போங்கள்.

புகார் எழுதுவதானால் ‘மருந்தே தருவதில்லை’ என்று எழுதினால் பதில் வராது. மருந்தின் பெயர், அளவு, போன தேதி, எத்தனை நாளுக்கு எழுதி எத்தனை நாளுக்குக் கிடைத்தது என்று எழுதுங்கள். பதிவேட்டில் விடுபட்டுப்போகும் தகவல் அதுதான் என்பதால், நிலையத்தில் வேலை பார்ப்பவர்களுக்கே கூட அது மேலிடத்தில் காட்ட உதவும். ஜன்னலில் இருப்பவரிடம் கத்துவதால் பயனில்லை. ஒரு நாளில் எத்தனையோ பேரிடம் ‘இல்லை’ என்று சொல்ல வேண்டிய வேலை அவருடையது.

மருந்து மறுபடி வந்துவிட்டது, ஆனால் மாத்திரை வேறு நிறத்தில் இருக்கிறதே?

புதிய டெண்டரில் வேறு நிறுவனம் வந்திருக்கும். நிறம், வடிவம், அட்டை எல்லாம் மாறலாம். அட்டையின் பின்பக்கம் இருக்கும் வேதிப்பெயரையும் மில்லிகிராம் அளவையும் பழைய அட்டையோடு ஒப்பிடுங்கள். படிக்கச் சிரமமென்றால் பழைய அட்டையைக் கொண்டுபோய் ஜன்னலில் காட்டுங்கள். இரண்டும் வேறு மருந்து என்று நினைத்துச் சேர்த்துப் போட்டு, அழுத்தமோ சர்க்கரையோ தாழ்ந்து மயங்கி விழுபவர்கள் உண்டு. பழையதில் மிச்சம் இருந்தால் தேதியைப் பார்த்து முதலில் அதை முடித்துவிட்டு, அப்புறம் புதியதைத் தொடங்குங்கள்.